பிரௌசரை யாரும் செலக்ட் பண்றதில்ல, கடிச்சாத்தான் மாத்துறோம்

"நீங்க என்ன பிரௌசர் யூஸ் பண்றீங்க"ன்னு நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க, முக்காவாசிப்பேர் "கூகுள்"ம்பாங்க, மிச்சப்பேர் "அதான் போன்லயே வர்ற இன்டர்நெட்டு"ம்பாங்க. நக்கல் பண்ண ஒண்ணுமில்ல. 2009ல கூகுள்காரங்களே நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல கேமராவோட நின்னு போறவர்றவங்களை நிறுத்தி பிரௌசர்னா என்னன்னு கேட்டாங்க, 50 பேருக்கு மேல கேட்டதுல சரியாச் சொன்னது 8 சதவீதம்கூட இல்ல, நெறையப்பேர் சர்ச் இன்ஜினைத்தான் சொன்னாங்க. (பிரௌசர்ங்கிறது குரோம் மாதிரி சைட்டைத் திறந்து காட்டுற சாஃப்ட்வேர், சர்ச் இன்ஜின்ங்கிறது கூகுள் மாதிரி தேடித் தர்ற சைட்டு.) அமெரிக்காவுலயே இந்த லட்சணம்.

அதனால குரோம் பெஸ்டா ஃபயர்பாக்ஸ் பெஸ்டான்னு நடக்குற சண்டையில எனக்கு பெருசா நம்பிக்கை கிடையாது. ஸ்பீடு, செக்யூரிட்டி, பிரைவசின்னு காரணம் சொல்றாங்கள்ல, அதெல்லாம் பெரும்பாலும் யூஸ் பண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தேடிக்கிட்ட காரணம். மெஷின்ல எது இருந்துச்சோ அதைத் திறந்தோம், அவ்வளவுதான். செருப்பு கடிக்கிற வரைக்கும் யாரும் செருப்பை மாத்த மாட்டாங்க, பிரௌசரும் அப்படித்தான். இதுவரைக்கும் ஜனங்க கூட்டமா ஒரு பிரௌசரை விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போனாங்கன்னா, ஒண்ணு பழசு கடிச்சிருக்கும், இல்ல புதுசு சும்மா கையில வந்து விழுந்திருக்கும்.

பிரௌசிங் சென்டர் காலத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். டெஸ்க்டாப்ல இங்கிலீஷ் 'e' எழுத்து மாதிரி அந்த நீலக்கலர் ஐகான், மைக்ரோசாஃப்ட்டோட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். நமக்கு அதுதான் இன்டர்நெட், அதுக்கு வேற பேர் இருக்குன்னே தோணினதில்ல. விண்டோஸோட சேர்த்து சும்மா குடுத்தே போட்டி பிரௌசரான நெட்ஸ்கேப்பை காலி பண்ணிட்டு, 2001ல ஆறாவது வெர்ஷனை விட்டுட்டு, இனிமே போட்டிக்கு யாரும் இல்லன்னு மைக்ரோசாஃப்ட் அஞ்சு வருஷம் கால்மேல கால் போட்டு உக்காந்துருச்சு, 2006 கடைசியிலதான் அடுத்த வெர்ஷனே வந்துச்சு. அந்த அஞ்சு வருஷத்துல நாம பட்ட பாடு இருக்கே, ஒரு பேஜ் திறந்தா நாலு பாப்-அப், அதை மூடினா இன்னும் ரெண்டு, மேல யாகூ டூல்பார், அதுக்குக் கீழ எவனோ ஒருத்தன் டூல்பார், கடைசியில பேஜ் படிக்கிற இடம் ஒரு சாண்தான் மிஞ்சும். 2004 நவம்பர்ல ஃபயர்பாக்ஸ் வந்தப்ப கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க ஓடிப்போய் ஒட்டிக்கிட்டதுக்கு ஓப்பன் சோர்ஸ் கொள்கையெல்லாம் காரணம் இல்லீங்க, பாப்-அப் வராது, ஒரே விண்டோவுல டேப் டேப்பா திறக்கலாம், இந்த ரெண்டே ரெண்டுதான் (டேபெல்லாம் ஓப்பராவுல அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, அது வேற கதை).

ஆனா தமிழ் படிக்கிறவங்களுக்கு அந்த நிம்மதியும் முழுசா கிடைக்கல. அப்ப ஒவ்வொரு பத்திரிகை சைட்டுக்கும் ஒரு ஃபான்ட், ஒரு என்கோடிங் (எந்த எழுத்துக்கு எந்த நம்பர்ங்கிற கணக்கு). அதை பேஜோடவே இறக்கித் தர்ற டைனமிக் ஃபான்ட் டெக்னிக் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும்தான் ஒழுங்கா ஓடும். ஃபயர்பாக்ஸ்ல திறந்தா தலைப்புச் செய்தி இருக்குற இடத்துல எவனோ கீபோர்டுல கையை வச்சு உருட்டினமாதிரி ஆங்கில எழுத்தும் குறியும் வரும். இதுக்காகவே பத்மான்னு ஒரு ஆட்-ஆன் (பிரௌசரோட ஒட்டிக்கிற குட்டி சாஃப்ட்வேர்) இருந்துச்சு, பழைய ஃபான்ட்ல இருக்குறதை அங்கேயே எல்லாருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாத்திக் காட்டும், டைப் பண்றதுக்கு தமிழ்விசைன்னு இன்னொண்ணு. சரி, யூனிகோடுல எழுதுற வலைப்பதிவுகளாச்சும் ஒழுங்காத் தெரியுமான்னா அதுலயும் ஒரு வம்பு. ஃபயர்பாக்ஸ் 2ல யாராவது அழகுக்காக பத்தியை ரெண்டு பக்கமும் சீரா வர்றமாதிரி ஜஸ்டிஃபை பண்ணி வச்சிருந்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறிக் கெடக்கும், புள்ளி வட்டம் வேற நடுநடுவுல. ஆளாளுக்கு "தயவுசெஞ்சு ஜஸ்டிஃபை பண்ணாதீங்க"ன்னு கமென்ட்ல கெஞ்சின காலம் அது. 2008 ஜூன்ல ஃபயர்பாக்ஸ் 3 வந்தப்பதான் சரியாச்சு. ஒரே நாள்ல 80 லட்சம் டவுன்லோடுன்னு அது கின்னஸ்ல ஏறினதை உலகமே பேசுச்சு, எனக்கு அந்தக் கொம்பு ஒழுங்கா ஒட்டினதுதான் பெருசாத் தெரிஞ்சுது.

அடுத்தது போன். இங்கதான் என் ஆல் டைம் ஃபேவரிட் கதை இருக்கு. ஆண்ட்ராய்டு எல்லார் கைக்கும் வர்றதுக்கு முன்னாடி நோக்கியா ஜாவா போன்ல நெட் பாக்குறதுன்னா ஓப்பரா மினிதான். நார்வே கம்பெனி. பேஜை நேரா நம்ம போனுக்கு இறக்காம அவங்க சர்வர்ல வாங்கி, நசுக்கிப் பிழிஞ்சு, பத்துல ஒரு பங்கா ஆக்கி அனுப்புவாங்க. பத்து ரூபா ரீசார்ஜ் போட்டு எம்பி எம்பியா எண்ணிச் செலவு பண்ணினவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி வாங்குறவங்களுக்குப் புரியாது. சரி, ஆனா தமிழ் பேஜ் திறந்தா வரிசையா கட்டம் கட்டமாத்தான் வரும், ஏன்னா போன்ல தமிழ் ஃபான்டே கிடையாது. அதுக்கு ஒரு வித்தை. அட்ரஸ் பார்ல ஓப்பரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக்னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு செட்டிங்ஸ் பேஜ் வரும், கீழ இறங்கிப் போனா காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு பிட்மேப் ஃபான்ட் யூஸ் பண்ணவான்னு ஒரு வரி, அதுல நோ இருக்கும், எஸ்னு மாத்தி சேவ் கொடுக்கணும். அவ்வளவுதான், கட்டம் போயி தமிழ் வந்துரும்! தமிழை எழுத்தா அனுப்பாம சின்னச் சின்ன படமா வரைஞ்சு அனுப்புறாங்க. டேட்டா கொஞ்சம் அதிகமா தின்னும், காப்பி பண்ண முடியாது, ஆனா படிக்கலாம். இந்த ஒரு செட்டிங்கை பஸ்ல, காலேஜ்ல, டீக்கடையிலன்னு ஒருத்தர் போனை ஒருத்தர் வாங்கி மாத்திக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. எந்த விளம்பரமும் சாதிக்காததை அந்தப் பிட்மேப் வரி தமிழ்நாட்டுல ஓப்பரா மினிக்கு சாதிச்சுக் குடுத்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

அப்புறம் யூசி பிரௌசர். 2016, 17 வாக்குல இந்தியாவுல மொபைல்ல குரோமைவிட அதுதான் முன்னாடி ஓடுச்சு, அலிபாபா குரூப்போடது. காரணம் ரொம்ப சிம்பிள், டவுன்லோடு. சிக்னல் போயிட்டு வந்தா விட்ட இடத்துலேர்ந்து தொடரும், மத்ததுல முதல்லேர்ந்து வரும். என்ன டவுன்லோடு பண்ணினோம்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் தெரியும். கூடவே உருப்படாத செய்தி, கிளுகிளு தலைப்புன்னு நோட்டிஃபிகேஷன் வந்து கொட்டும், அதையும் சகிச்சுக்கிட்டாங்க. 2020 ஜூன் 29ல டிக்டாக்கோட சேர்த்து 59 ஆப்பை மத்திய அரசு தடை பண்ணுச்சுல்ல, அந்த லிஸ்ட்ல இதுவும் இருந்துச்சு. டிக்டாக் போனதுக்கு ஊரே ஒப்பாரி வச்சுச்சு, கோடிக்கணக்கான பேர் வச்சிருந்த பிரௌசர் போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. ஏன்னா 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்பவே டேட்டாவை மிச்சம் பிடிக்கிற அவசியம் போயிருச்சு, போன்ல ஏற்கனவே குரோம் இருக்கு, எடுத்து அதைத் தட்டினாங்க, முடிஞ்சுது.

குரோம் சும்மா ஜெயிக்கலைங்கிறதையும் சொல்லணும். 2008 செப்டம்பர்ல வந்தப்ப உண்மையிலேயே பறந்துச்சு. ஒரு டேப் செத்தா மத்ததெல்லாம் சாகாதுங்கிறது அன்னைக்குப் பெரிய அதிசயம். ஆனா நல்லா இருந்ததால மட்டும் இன்னைக்கு உலகத்துல மூணுல ரெண்டு பேர்கிட்ட அது போய்ச் சேரல. கூகுள் முகப்புலயே "இதை இறக்கிக்கோ"ன்னு தொங்கும், ஃபிளாஷ் பிளேயர் போடப் போனா ஓரமா ஒரு டிக் ஏற்கனவே விழுந்திருக்கும், கவனிக்காம நெக்ஸ்ட் அடிச்சா குரோமும் கூடவே வந்து உக்காந்துக்கும். அப்புறம் ஆண்ட்ராய்டு. நம்ம பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் ஜிமெயிலோட கட்டிப் போட்டாச்சு. இப்ப கேட்டா "குரோம்தான் வசதியா இருக்கு"ங்கிறோம். வசதிதான், நான் இல்லைங்கல.

டிஃபால்ட்டா இருக்குறதுக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரியணும்னா, ஐபோன்ல சஃபாரியைத் திறந்து தேடினா கூகுள் வரணும்ங்கிறதுக்காக 2022ல மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் குடுத்தது 2000 கோடி டாலர். அமெரிக்க கோர்ட்ல வெளிவந்த கணக்கு இது, நான் சொல்லல. 2024 ஆகஸ்ட்ல நீதிபதி அமித் மேத்தா தேடுதல் சந்தையில கூகுள் சட்டவிரோதமா ஏகபோகத்தைக் காப்பாத்திக்கிட்டு வந்திருக்குன்னு தீர்ப்பு சொன்னார், அரசாங்கம் குரோமையே விக்கச் சொல்லுச்சு, 2025 செப்டம்பர்ல நீதிபதி அதெல்லாம் வேண்டாம்னுட்டார். மக்கள் தானா யோசிச்சுத் தேர்ந்தெடுக்குறவங்களா இருந்தா எவனாச்சும் இவ்வளவு காசைக் கொண்டுபோய்க் கொட்டுவானா? சுத்திச் சுத்திப் பாத்தா ஃபயர்பாக்ஸை நடத்துற மொசில்லாவுக்கும் சோறு போடுறது பெரும்பகுதி அதே கூகுள் காசுதான், அது தனி காமெடி.

சரி எட்ஜ் இருக்கே, பிரேவ் இருக்கே, விவால்டி இருக்கே, நம்ம ஜோஹோவோட உலா இருக்கேன்னு வருவீங்க. எல்லாம் இருக்கு. ஆனா உள்ள ஓடுற இன்ஜின், அதாவது பேஜை வரைஞ்சு காட்டுற பாகம், எல்லாத்துலயும் ஒண்ணுதான், குரோமுக்கு அடித்தளமான கூகுளோட குரோமியத்துல இருக்குற பிளிங்க். மைக்ரோசாஃப்ட்டே 2020ல தன்னோட இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு அதுக்கு மாறிருச்சு, ஓப்பரா 2013லயே மாறியாச்சு. உலா இந்திய அரசு நடத்துன பிரௌசர் போட்டியில முதல் பரிசு ஒரு கோடி ரூபா வாங்குச்சு, நாம எங்க போறோம்னு வேவு பாக்குற டிராக்கரைத் தடுக்கிற வேலையை உருப்படியா செய்யுது, எனக்கு அதுமேல கோபம் ஒண்ணுமில்ல, ஆனா சுதேசி பிரௌசர்னு மீசையை முறுக்குறவங்க பேனட்டைத் திறந்து பாத்துட்டுப் பேசுங்க. ஆப்பிளோட வெப்கிட், ஃபயர்பாக்ஸோட கெக்கோ, இந்த ரெண்டுதான் வேற. ஐபோன்ல நீங்க எந்தப் பேர்ல பிரௌசர் போட்டாலும் நம்ம ஊர்ல அது வெப்கிட்தான், வேற இன்ஜினுக்கு ஆப்பிள் கதவு திறந்ததெல்லாம் ஐரோப்பாக்காரங்க சட்டம் போட்டு நெருக்கினதுக்கு அப்புறம்தான்.

இது ஏன் நமக்கு முக்கியம்னா, இன்ஜின் யார் கையில இருக்கோ அவங்க வச்சதுதான் சட்டம். எக்ஸ்டென்ஷனுக்கான (ஆட்-ஆனுக்கு குரோம் வச்ச பேர்) விதியை குரோம் மாத்துச்சு, மேனிஃபெஸ்ட் வி3ன்னு பேரு, அதுல அடிபட்டது யூபிளாக் ஆரிஜின், உலகத்துலயே உருப்படியான ஆட் பிளாக்கர். இப்ப குரோம்ல அது வேலை செய்யாது, லைட்னு ஒரு சோனி வெர்ஷன்தான் கிடைக்கும். விளம்பரத்துல சம்பாதிக்கிற கம்பெனி விளம்பரத் தடுப்பானோட கையைக் கட்டுது, காரணம் கேட்டா செக்யூரிட்டின்னு சொல்லுது, நம்புறவங்க நம்பலாம்.

நான் போன்லயும் லேப்டாப்லயும் ஃபயர்பாக்ஸ்தான். கொள்கைப் பிடிப்பெல்லாம் அப்புறம், தமிழ்ச் செய்தி சைட்டை போன்ல அது இல்லாம படிக்க முடியல, அதான் மெயின் காரணம். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின் முழுசா ஓடும், அந்த வித்தியாசத்தை ஒருதடவை பாத்துட்டா திரும்ப மாட்டீங்க. குரோம்ல அதே செய்தியைத் திறந்தா ரெண்டு வரிக்கு ஒரு விளம்பரம், கீழ ஒட்டிக்கிட்டு ஒண்ணு, ஓரமா தானா ஓடுற வீடியோ, அதை மூடுற எக்ஸ் கடுகு சைஸ். ஃபயர்பாக்ஸ்லயும் குறை இல்லாம இல்ல. பழைய போன்ல கொஞ்சம் திணறும். சில பேங்க் சைட்டு "குரோம்ல வா"ன்னு துரத்தும், ஒரு காலத்துல எக்ஸ்ப்ளோரர்லதான் தெரியும்னு அடியில எழுதி வச்சவங்களோட வாரிசுங்க. மொசில்லாவும் 2025 பிப்ரவரியில "உங்க டேட்டாவை விக்க மாட்டோம்"ங்கிற பழைய வாக்குறுதி வரியை எடுத்துட்டு வசமா மாட்டிக்கிட்டு விளக்கம் சொல்லிக்கிட்டு கெடந்துச்சு. விளம்பரம் போட்டாத்தானே பத்திரிகை நடத்த முடியும்னு கேப்பீங்க, நியாயம்தான், நான் ரெண்டு இடத்துல சந்தா கட்டுறேன், மத்தபடி கடுகு சைஸ் எக்ஸுக்கு என்கிட்ட இரக்கம் இல்ல.

இன்காக்னிடோ போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அது உங்க போன்ல ஹிஸ்டரி சேக்காது, அவ்வளவுதான். ஆபீஸ் வைஃபைல இன்காக்னிடோ போட்டு வேற வேலை தேடுற தம்பிகளா, ஐடி டிப்பார்ட்மென்ட்டுக்கு நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு தெரியும்.

அதுக்காக வீட்ல எல்லார் போன்லயும் குரோமைத் தூக்கிட்டு ஃபயர்பாக்ஸ் போடுங்கன்னு சொல்ல மாட்டேன், பெரியவங்க பழகுன ஐகானை மாத்துனா நாளைக்கு நாலு கால் நமக்குத்தான் வரும். எங்க சித்தி ஒருநாள் போனை நீட்டி "ஏம்ப்பா, இதுல வைரஸ் வந்துருச்சு போல, நான் ஒண்ணுமே தொடல, ராத்திரி பூரா டிங்கு டிங்குன்னு அடிக்குது"ன்னாங்க. "குடுங்க சித்தி பாப்போம்"னு வாங்கிப் பாத்தா வைரஸெல்லாம் இல்ல, ராசிபலன் சைட்டு, சமையல் சைட்டு, பேரே கேள்விப்படாத செய்தி சைட்டுன்னு ஒரு பட்டாளமே குரோம் வழியா நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கிட்டிருக்கு. பேஜ் திறந்த உடனே "அனுமதிக்கவா"ன்னு கேக்குதுல்ல, அந்தக் கட்டம் போனாத்தான் செய்தி தெரியும்னு நெனச்சு எல்லாத்துக்கும் அலவ் அமுக்கியிருக்காங்க. "உங்க கணக்கு முடக்கப்பட்டது, இங்க தட்டவும்"னு ஒண்ணு அதுலயே கெடந்துச்சு, அதைத் தட்டாம இருந்தது எங்க நல்ல நேரம்.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க அம்மா, சித்தி, மாமா போனையெல்லாம் ஒருதடவை வாங்கிப் பாருங்க. குரோமைத் திறந்து மேல வலதுபக்கம் மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ். கீழ அலவ்டுன்னு ஒரு லிஸ்ட் நீளமா வரும், ஒவ்வொண்ணாத் தட்டி பிளாக் பண்ணிட்டு, மேல இருக்குற சுவிட்சையும் ஆஃப் பண்ணி விட்டுருங்க, இனிமே எந்த சைட்டும் கேக்கவே கேக்காது.