ஆன்லைன் என்றாலே முகம் சுளிக்கும் மேனேஜர்கள்

கும்பகோணம் பக்கத்தில் சில பட்டுக் கடைகளுக்கும் ஒரு பாத்திரக் கடைக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். "எங்க மேனேஜர் பழைய ஆளு சார், ஆன்லைன்னாலே பயம்" என்று முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி சலித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா பட்டு கேட்டால், அதே மேனேஜர் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முந்தியை விரித்து, வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். டியூப்லைட்டில் எடுத்தால் வாடாமல்லி வேறு கலராகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் பார்சலைக் கட்டுவார். பயந்த ஆள் செய்கிற வேலையா இது?

பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் கடை போடலாம் என்றால்தான் முகம் சுருங்குகிறது. காரணம் ரிட்டர்ன். திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் விசிறி மடிப்பு தனி அழகு. வாங்கியவர் பிரித்துப் பார்த்துவிட்டு 'கலர் பிடிக்கலை' என்று திருப்பிவிட்டால், கடைக்கு வந்து சேர்வது கசங்கிய ஒரு துணி உருண்டை. அதை மறுபடி மடிக்கக் கை பழகிய ஆள் வேண்டும். மடித்தாலும் புதுச் சேலை என்று எடுத்துப் போட மனசு வராது. ஸ்டாக் எடுக்கும்போது "இது ஏன் தேங்கிக் கிடக்கு?" என்று கேட்பது மாதச் சம்பளம் வாங்கும் மேனேஜரைத்தான். நாலு சேலை கூடுதலாகப் போனால்? அது முதலாளி வீட்டுத் தம்பி ஆரம்பித்த ஆன்லைன் பிசினஸ்!

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கு வேறு தலைவலி. அதற்கு எடைக்குத்தான் விலை. பித்தளை ஏறினால் கடையில் அன்றைக்கே ரேட்டை மாற்றிச் சொல்லலாம். தளத்தில் ஆர்டர் விழுந்துவிட்டால் போட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். கூரியரும் எடைக்கு எடை கேட்கிறான். கமிஷன் போக, தளமே பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி டிசிஎஸ் வரி போக (2024 ஜூலையில் அதை ஒரு சதவீதத்திலிருந்து அரையாகக் குறைத்தார்கள், அதுவரைக்கும் சரி) மீதி வரும்போது, எந்த ஆர்டருக்கு எவ்வளவு என்று ஒட்டிப் பார்ப்பதற்குள் எனக்கே கண்ணைக் கட்டும்.

புதுத் தொழில்நுட்பத்தை ஒருவர் ஏற்பது இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்று 1989இல் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் எழுதினார்: இது பயன்படுமா, சுலபமா. நம் ஊர்க் கடையில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. நஷ்டம் வந்தால் யார் தலையில் விடியும்?

அதற்காக மேனேஜர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆள் பார்த்து விலை சொல்லும் சுகம் சிலருக்கு இருக்கிறது. ஊரறிய விலை போட்டால் அது போய்விடும். அந்த எதிர்ப்புக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஒரு முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். ரிட்டர்ன் நஷ்டத்தைக் கடைச் செலவில் தனித் தலைப்பாக எழுதுங்கள், ஆன்லைன் விற்பனையில் மேனேஜருக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று. "பங்கா? பார்ப்போம்" என்றார். இப்போது மேனேஜரைக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்க்க ஃபீஸ் எவ்வளவு ஆகும் என்று என்னிடமே விசாரிக்கிறார்.