ஒத்தை எட்ஜ் திரும்பி நிக்குது, நான் என்ன பண்ணட்டும்?

நேத்து ராத்திரி பதினோரு மணி. கையில 4×4 ரூபிக் க்யூப், பக்கத்துக்கு நாலு வரிசை இருக்கிறது. என்னோட பெஸ்ட் 1:34. டைமர் 1:12 காட்டுது, கடைசி அடுக்குக்கு வந்துட்டேன். வாழ்க்கையில முதல் தடவையா ஒன்றரை நிமிஷத்துக்குள்ள முடிக்கப் போறேன். மேல மஞ்சள் பக்கத்தைப் பார்த்தா மூணு எட்ஜ் (விளிம்புத் துண்டு) மஞ்சளைக் காட்டிக்கிட்டு சமத்தா உட்கார்ந்திருக்கு. ஒண்ணு மட்டும் திரும்பிக்கிட்டு நிக்குது.

பேரிட்டி! இந்தக் கோளாறுக்கு க்யூப் ஆடுறவங்க வச்ச பேர்.

3×3 மட்டும் ஆடுறவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியாது. அதுல ஒத்தை எட்ஜ் மட்டும் திரும்பி நிக்கவே முடியாது. நின்னா எவனோ பிரிச்சு மாத்தி மாட்டியிருக்கான்னு அர்த்தம். 4×4ல பிரிக்காமலே நிக்கும். ஏன்னா இதுல எட்ஜ்னு நாம சொல்றது ஒண்ணு இல்ல, ரெண்டு துண்டு சேர்ந்த ஜோடி. அந்த ரெண்டும் இடம் மாறிக்கிட்டா ஜோடியே திரும்பின மாதிரி தெரியும். உள்ளடுக்கை ஒரு கால் சுத்து திருப்பினா நாலு எட்ஜ் துண்டு வட்டமா இடம் மாறும். க்யூப்பைக் கலைச்ச ஸ்க்ராம்பிள்ல இருந்து இதுவரைக்கும் இப்படி எத்தனை கால் சுத்து ஆச்சுங்கிறது ஒற்றைப்படையா இருந்தா பேரிட்டி, இரட்டைப்படையா இருந்தா தப்பிச்சோம். அவ்வளவுதான் கணக்கு. எண்ணிக்கிட்டே சால்வ் பண்ண முடியுமா? பக்கத்து நடுவுல இருக்கிற செண்டர்ல ஒரே கலர் நாலு துண்டும் ஒரே அச்சு, எது எங்க இருந்து வந்ததுன்னு தெரியாது, அதைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆக, தலையா பூவான்னு சுண்டி விட்ட காசு நான் ஜோடியெல்லாம் சேர்த்து முடிச்சப்பவே விழுந்தாச்சு. அதை எனக்குக் காட்டுறது மட்டும் ஒரு நிமிஷம் உயிரைக் கொடுத்த பிறகு.

சரி, அதுக்குத்தான் மனப்பாடமா திருப்புற வரிசை, அல்காரிதம் இருக்கேன்னு சொல்லாதீங்க. இருக்கு. பதினேழு திருப்பு. வலது பக்கம் ரெண்டு அடுக்கையும் சேர்த்து ஒரு திருப்பு, மேல அரைச்சுத்து, மறுபடி வலது, மறுபடி மேல அரைச்சுத்து, நடுவுல ஒரே ஒரு தடவை இடது பக்கம். மொத்தம் எட்டு அரைச்சுத்து, எட்டும் ஒண்ணு போல. மேல போடுற அரைச்சுத்துக்கு யூ-டூன்னு பேர், எந்த யூ-டூல நிக்கிறோம்ங்கிறதே பாதி வழியில மறந்துடுது. நேத்தும் அதேதான். அஞ்சாவதா ஆறாவதான்னு ஒரு நொடி தடுமாறினேன், கை தானா ஒண்ணு கூடப் போட்டுடுச்சு, சேர்த்து வச்ச ஜோடியெல்லாம் பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த நேரம் பார்த்து சமையல்கட்டுல இருந்து "சிலிண்டர் புக் பண்ணீங்களா இல்லையா?" கடைசியில டைமர் 2:47. சிலிண்டரும் புக் பண்ணல.

இது ஒண்ணுதான்னா பரவாயில்ல. இதைத் தாண்டினா கடைசிக்கும் கடைசியில இன்னொரு பேரிட்டி காத்துக்கிட்டு இருக்கு, ரெண்டு ஜோடி மட்டும் இடம் மாறி நிக்கும். அதுக்கு ஆறேழு திருப்புதான், ஒத்துக்கறேன். ஆனா இதுவும் பாதிக்குப் பாதி. ரெண்டும் இல்லாம சுத்தமா ஒரு சால்வ் கிடைக்கிறது நாலுல ஒண்ணு! 5×5ல இந்த ரெண்டாவது தொல்லை கிடையாது. நடு செண்டரும் அசையாது, எந்தக் கலர் எங்கன்னு அதுவே சொல்லும். பெரிய க்யூப் சில விஷயத்துல நல்லது செய்யுது, இந்த 4×4தான் விஷம். 1980கள்ல இதைக் கடைக்குக் கொண்டு வந்தப்ப வச்ச பேரே 'ரூபிக்கின் பழிவாங்கல்'. ரூபிக்குக்கு நான் என்னய்யா பண்ணேன்? சொல்லப் போனா இதை வடிவமைச்சவரே அவர் இல்ல, பீட்டர் செபெஸ்தேனின்னு வேற ஒருத்தர்.

பேரிட்டியைக் கூட விதின்னு விட்டுடலாம். எனக்கு ரத்தம் கொதிக்கிறது இந்த அறிவுரையைக் கேட்டாத்தான்: "மெதுவா திருப்புங்க, வேகம் தானா வரும்." யாரைக் கேட்டாலும் இதே பல்லவி. லுக்அஹெட்டாம். கை ஒரு ஜோடியைச் சேர்க்கிறப்பவே கண்ணு அடுத்த ஜோடியைத் தேடணுமாம். ஐயா, எனக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கமாத்தான் பார்க்குது. ஒரு வாரம் மெதுவா திருப்பிப் பார்த்தேன். 2:31 வந்துச்சு. மெதுவா திருப்பினா மெதுவாத்தான் முடியுது!

போன சனிக்கிழமை நான் சால்வ் பண்றதை ஃபோன்ல வீடியோ எடுத்துப் பார்த்தேன். எடுத்திருக்கவே கூடாது. மொத்தம் 1:52. அதுல கை அசையாம வெறுமனே க்யூப்பைப் பிடிச்சுக்கிட்டு முழிச்ச நேரத்தை மட்டும் ஸ்டாப்வாட்ச் வச்சுக் கூட்டினேன். 41 நொடி. பச்சை-சிவப்பு துண்டு ஒண்ணு கண்ணு முன்னாடியே வலது கீழ் விளிம்புல இருக்கு, வீடியோவுல பார்க்கிற எவனுக்கும் தெரியுது. நான் க்யூப்பைப் பின்பக்கம் திருப்புறேன், மேல பார்க்குறேன், கீழ பார்க்குறேன், மறுபடி பின்பக்கம். கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுற தாத்தா மாதிரி. ஆறு மாசமா விரலுக்குப் பயிற்சி, வழவழன்னு சுத்த லூப் எண்ணெய் ஊத்துறது, திருகாணியை டைட் பண்றது, காந்தம் வச்ச புது க்யூப்னு காசைக் கரைச்சது அத்தனையும் வீண். வேகம் போறது விரல்ல இல்ல.

இதுல ஹால்ல மஞ்சள் பல்பு வேற. ராத்திரியில சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி இல்ல, ரெட்டைப் பிள்ளைங்க. 4×4ல நிலையான செண்டர் கிடையாதா, போன மாசம் ரெண்டையும் பக்கம் மாத்தி வச்சுட்டேன். எட்ஜ் பன்னெண்டும் சேர்த்து முடிச்சப்புறம்தான் மூலைத் துண்டு (கார்னர்) எதுவும் பொருந்தலேன்னு தெரிஞ்சுது. அடியில இருந்து மறுபடி.

என் பையன் ஏழாவது படிக்கிறான். அவனுக்கு 4×4 58 நொடி. யாவ் மெத்தடை அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்: முதல்ல எதிரெதிர் செண்டர் ரெண்டு, அப்புறம் ஒரு பக்கத்துல கூட்டல் குறி மாதிரி வர்ற கிராஸ்ல மூணு எட்ஜ், அப்புறம் மீதி நாலு செண்டர், அதுக்கப்புறம்தான் மத்த எட்ஜ் எல்லாம். ராபர்ட் யாவ்னு ஒரு க்யூபர் பேர்ல வழங்குது. நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். குறை பையன்கிட்ட. வீடியோவைப் பார்த்துட்டு, "ப்பா, நீ சேர்க்கிற எட்ஜையே பார்த்துட்டு இருக்கே. அது எங்கயும் ஓடாதுப்பா"ங்கிறான். டிவி பார்த்துக்கிட்டே சொல்றான். கையில க்யூப் தானா ஓடிட்டு இருக்கு. நான் பேரிட்டி போட ஒன்பது நொடி எடுத்துக்குவேன், இவன் நாலு நொடியில போட்டுட்டு முறுக்கு எடுத்துக் கடிக்கிறான்.

அமெரிக்காவுல மேக்ஸ் பார்க்னு ஒருத்தர் 7×7ஐயே ஒண்ணே முக்கால் நிமிஷத்துக்குள்ள முடிச்சிருக்காரு. அதுல வெளியில தெரியிற துண்டு 218. என் 4×4ல 56. எனக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகுது. துண்டுக்கு இவ்வளவுன்னு வகுத்துப் பார்க்க ஆரம்பிச்சேன், பாதியில நிறுத்திட்டேன்.

மச்சான் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தாரு. நான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கேன். "இதுக்கெல்லாம் ஃபார்முலா இருக்குமே மாப்ள, மனப்பாடம் பண்ணிட்டா முடிஞ்சுது"ங்கிறாரு. மனுஷன் வெள்ளை ஒரு பக்கம் கூடச் சேர்த்தது கிடையாது. சமையல் குறிப்பு இருந்தா எல்லாரும் ரசம் வச்சுடுவாங்களா?

இவ்வளவு புலம்பலும் எதுக்குன்னா, அடுத்த மாசம் ஒரு போட்டி. 4×4க்கு கட்-ஆஃப் 1:30. முதல் ரெண்டு சான்ஸ்ல ஒண்ணாவது அதுக்குள்ள வந்தாத்தான் மீதி மூணு ஆட விடுவாங்க. இல்லேன்னா ரெண்டோட எந்திரிச்சு வந்துடணும். சுத்தி எல்லாம் பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க, அவங்களைக் கூட்டிட்டு வந்த அப்பாக்கள் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. நான் அப்பாவா போய் பசங்க வரிசையில உட்காரணும். நேத்து அந்த ஒத்தை எட்ஜ் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா 1:25. பையன் ஏற்கெனவே ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேர் கொடுத்து, என் ஃபோன்ல இருந்தே பணமும் கட்டிட்டான். வரலேன்னா திருப்பித் தர மாட்டாங்களாம்.