உரிமக் கோப்பே இல்லாமல் என்ன கட்டற்ற மென்பொருள்?

"இது கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று ரீட்மீயில் (நிரலோடு வரும் அறிமுகக் கோப்பில்) ஒரு வரி எழுதிவிட்டு, அதோடு தன் வேலை முடிந்தது என்று போய்விடுகிறவர்கள் மீது எனக்குக் கடுங்கோபம். அந்த வரியை நம்பி, அந்த மென்பொருளை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் களஞ்சியத்தில் சேர்க்கலாம் என்று பேக்கேஜ் செய்ய, அதாவது எளிதில் நிறுவக்கூடிய தொகுப்பாக்க, உட்காருகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று தெரியும்.

உரிமம் எதுவும் சொல்லாமல் வெளியிட்ட நிரலுக்குச் சட்டப்படி எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. 'எடுத்துக்கொள்ளலாம்' என்றால் போதாது. திருத்தலாமா? திருத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? விற்கலாமா? களஞ்சியத்தில் ஒரு பேக்கேஜ் ஏறிவிட்டால் பல நாடுகளில் இருக்கிற மிரர் சர்வர்கள் அதைப் பிரதியெடுத்து விநியோகிக்கும். அவர்களுக்கெல்லாம் அனுமதி எங்கே இருக்கிறது? இதைக் கேட்டால் வருகிற பதில்: "நான் என்ன வழக்கா போடப்போகிறேன்?" நீங்கள் போடமாட்டீர்கள், சரி. உங்களோடு சேர்ந்து எழுதினாரே ஒருவர், அவர்? வேலை நேரத்தில் எழுதியது என்றால் உங்கள் நிறுவனம்?

உரிமம் இருக்கிற இடத்திலும் நிம்மதி இல்லை. ரீட்மீயில் ஜிபிஎல் 3 (ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் 3-ஆம் பதிப்பு) என்று இருக்கும். உரிமக் கோப்பைத் திறந்தால் 1991-இல் வந்த 2-ஆம் பதிப்பு. நிரல் கோப்புகளின் தலைப்பைப் பார்த்தால் சிலவற்றில் எம்ஐடி என்ற வேறு உரிமம், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. '2 மட்டும்' என்பதும் '2 அல்லது பிந்தையது' என்பதும் ஒன்றல்ல. 2 மட்டும் என்று சொன்ன நிரலை 2007-இல் வந்த 3-ஆம் பதிப்பின் கீழ் உள்ள நிரலோடு இணைத்து ஒரே மென்பொருளாக விநியோகிக்க முடியாது. எழுதியவருக்கு இது ஒரு நிமிட வேலை. நான் கோப்பு கோப்பாகத் திறந்து, யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த உரிமம் என்று பதிப்புரிமைக் கோப்பில் எழுதியாக வேண்டும். அதைக் களஞ்சியத்தில் சரிபார்க்கிறவர்களும் தன்னார்வலர்கள்தான். ஒன்று விடுபட்டாலும் திருப்பி அனுப்புவார்கள், அப்புறம் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

இவற்றிலெல்லாம் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது அடுத்தவர் பெயரை அழிப்பது. எம்ஐடி உரிமம் கேட்பதே பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வையுங்கள் என்பதைத்தான். அதைக்கூடச் செய்யாமல், வேறொருவர் எழுதிய கோப்பின் தலைப்பை வெட்டிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்துச் சொன்னால், "சின்ன ஃபங்ஷன்தானே" என்கிறார்கள். எழுதினவருக்கு அது சின்னதா பெரியதா என்று முடிவு செய்ய நீங்கள் யார்?

அப்புறம் ஐகான்கள், எழுத்துருக்கள், ஒலிக் கோப்புகள். நிரல் ஜிபிஎல்லில் இருக்கும், படங்கள் 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற உரிமத்தில் இருக்கும். எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்று 1997-இலேயே டெபியன் தன் வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கான நிரலின் உரிமத்தில் உள்ள 'நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல' என்ற ஒற்றை வாக்கியத்துக்காக அந்த நிரலையே கட்டற்றது அல்ல என்று ஒதுக்கினார்கள். விதி இவ்வளவு தெளிவாக இருக்க, ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் அந்தப் படங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு டார்பாலை (மூலநிரல் மொத்தமும் அடங்கிய தொகுப்புக் கோப்பை) மறுபடி கட்டும் வேலை என் தலையில் விழுகிறது. மாற்றுப் படங்களை வரைந்தே அனுப்பினாலும் சேர்த்துக்கொள்வதில்லை.

சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மட்டும் போட்டுவிட்டு மூலநிரல் கொடுத்துவிட்டேன் என்பதை எப்படி ஏற்பது? திருத்துவதற்கு எந்த வடிவம் வசதியோ அதுதான் மூலநிரல் என்று ஜிபிஎல்லே சொல்கிறது. ஒரே வரியில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் ஓடுகிற கோப்பில் யார் எதைத் திருத்துவது?

நிரல் நூலகங்களை (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்களை) உள்ளேயே பிரதியெடுத்து வைப்பது இன்னொரு கொடுமை. தரவைச் சுருக்கும் ஸீலிப் நூலகத்தின் பழைய பிரதி ஒன்று உள்ளே கிடக்கும். ஸீலிப்பில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் களஞ்சியத்தில் அந்த ஒரு பேக்கேஜைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாவற்றுக்கும் தீர்வு கிடைக்க வேண்டும். இப்படி ஒளித்து வைத்த பிரதிகளை ஒவ்வொன்றாகத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கட்டமைக்கும்போதே இணையத்திலிருந்து எதையோ இறக்குகிற மென்பொருளையும் அப்படியே சேர்க்க முடியாது. இன்று இறங்கியதுதான் நாளையும் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

வெளியீடு என்பதையே விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். பதிப்பைக் குறிக்கும் டேக்கைப் போட்டுவிட்டு, பிழை தெரிந்ததும் அதே டேக்கை வேறு கமிட்டுக்கு (பதிவான வேறொரு மாற்றத்துக்கு) நகர்த்துகிறார்கள். பதிப்பு எண் அதே, உள்ளடக்கம் வேறு. கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் பொருந்தாமல் போகிறது. யாரோ ஊடுருவிவிட்டார்களா, எழுதியவரே மாற்றினாரா என்று நான் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அடுத்த எண்ணைப் போட என்ன தடை?

2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பின்கதவு ஒளித்து வைத்திருந்த விவகாரம் வெடித்ததே, அதற்குப் பிறகுமா இந்த அலட்சியம்? 5.6.0, 5.6.1 வெளியீடுகளின் டார்பாலில், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் களஞ்சியத்தில் இல்லாத கட்டமைப்புக் கோப்பு ஒன்று இருந்தது. பின்கதவைத் திறந்துவிட்டது அதுதான். ஆகவே, "உங்கள் டார்பாலில் கிட்டில் இல்லாத கோப்பு ஏன் இருக்கிறது?" என்று நான் கேட்டால், "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்படாதீர்கள். பதில் சொல்லுங்கள். நிறுவிப் பயன்படுத்தப்போகிறவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.

"உங்களுக்குத்தானே வேண்டும், நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள்" என்கிறார்கள். செய்கிறேனே! கட்டமைக்கும் விதிகள் உள்ள மேக்ஃபைலைத் திருத்தினேன், கையேட்டுப் பக்கம் இல்லாததற்கு எழுதிக் கொடுத்தேன், சோதனைகள் தோற்றதற்குத் திருத்தம் (ஒட்டு) அனுப்பினேன். உரிமத்தை மட்டும் நான் எழுத முடியாது. பதிப்புரிமை உங்களுடையது, அனுமதியும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். நானாக ஒரு உரிமக் கோப்பை வைத்தால் அது பொய்.

பேக்கேஜ் தயாராகத்தான் இருக்கிறது. எப்போது வரும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். உரிமக் கோப்பைச் சேருங்கள், நிரலை எழுதிய எல்லோருடைய ஒப்புதலோடும் சேருங்கள், அன்றைக்கே ஏற்றிவிடுகிறேன்.