பதினான்காவது நொடியில் தெரியும் புகை

கர்ப்பிணி ஒருத்தி மது குடிக்கிறாள் என்று சொல்லி ஏற்காடு ஏரிக்கரையில் எடுத்துப் பரப்பப்பட்ட அந்தக் காணொளியைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாட்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அது நான்கு முறை பகிரப்பட்ட பிறகு, அதிலும் கடைசியாக அனுப்பியவர் என் கொழுந்தனார் என்பதைப் பார்த்த பிறகு, இனியும் சும்மா இருந்தால் எனக்கு இரத்த அழுத்தம்தான் ஏறும்.

காணொளியை நான் விளக்க வேண்டியதில்லை; சேலத்தில் கைப்பேசி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. ஏழு மாத வயிறு, கையில் ஒரு டின், கீழே ஆயிரக்கணக்கில் வசவுகள். டின்னில் இருந்தது பழச்சாறாகவும் இருக்கலாம் என்று சிலர் அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சலுகையே வேண்டாம், பீர் என்றே வைத்துக்கொள்வோம். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பதினான்காவது நொடியில், படம் பிடிப்பவரின் கைப்பக்கத்திலிருந்து ஒரு புகைச் சுருள் எழும்பி, அந்தப் பெண்ணின் முகத்தை நோக்கி மெல்லப் போகிறதே, அதை உங்களில் ஒருவராவது பார்த்தீர்களா? பிறக்கப்போகும் குழந்தைக்காக இவ்வளவு பதறுகிறவர்களின் கண்ணில் டின் பட்டது, புகை படவில்லை.

நான் குடிப்பதை ஆதரிக்கிறேன் என்று இந்நேரம் யாராவது தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பீர்கள், ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவுற்றிருக்கும்போது இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே மருத்துவ உலகத்தின் இன்றைய நிலைப்பாடு, அதுவே என் நிலைப்பாடும். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் இரத்தத்துக்குப் போகிறது. அதைச் சிதைக்கப் போதுமான திறன் அந்தப் பிஞ்சு ஈரலுக்கு இல்லை. மூளை வளர்ச்சி கெடுகிறது. இதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. ஆனால் இந்த அறிவு நமக்கு எப்போது வந்தது என்பதையும், நாம் ஏதோ ஆதிகாலம் தொட்டு இதையெல்லாம் அறிந்து கடைப்பிடித்துவந்த பரம்பரையினர் போலப் பேசுவதையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பிரான்சில் நாந்த் நகரத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பால் லெமுவான், மதுப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் கண்ட பாதிப்பைப் பற்றி 1968இல் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்சும் டேவிட் ஸ்மித்தும் அதே பாதிப்புக்குப் பெயர் வைத்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே காலத்தில் அதே நாட்டு மருத்துவமனைகளில், குறைமாதப் பிரசவத்தை நிறுத்துவதற்காகக் கர்ப்பிணிகளின் நரம்பில் ஆல்கஹாலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதைப் போல. அந்தப் பெண்களை யாரும் பேய்கள் என்று திட்டவில்லை. மருத்துவர் சொன்னார், படுத்தார்கள், அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போவானேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டி, நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். எட்டுப் பிள்ளைகள், எட்டுக்கும் வயிற்றைச் சுமந்துகொண்டு, இடுப்பில் கூடையும் கன்னத்தில் புகையிலையுமாகச் சரிவில் நின்றவர். அட்டைக் கடிக்குக் காலில் தேய்ப்பதும் புகையிலைதான், பசி தெரியாமலிருக்க வாயில் அடக்குவதும் புகையிலைதான். எட்டில் ஐந்து பிள்ளைகள்தான் தங்கினார்கள். மற்ற மூன்றுக்கும் புகையிலைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்த அருகதை இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகள் சாவதற்குக் காரணத்துக்கா பஞ்சம்? பிள்ளை பெற்றவளுக்கு உடம்புச் சூட்டுக்கென்று மூடியில் பிராந்தி ஊற்றிக் கொடுத்த வீடுகளை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஊற்றிக் கொடுத்த பெரியம்மாக்களின் பேரன்கள்தான் இன்று அந்தக் காணொளியின் கீழே வரிசையில் நிற்கிறார்கள்.

பாட்டியின் மருமகள், அதாவது என் மாமன் மனைவி, அதே தோட்டத்தில் அதே பழக்கத்தோடு இருந்தவர். ஆனால் அவருக்குக் குழந்தை உண்டானபோது, மலைமேல் நடந்தே வந்துபோன ஒரு நர்சம்மா இருந்தார். அவர் வந்து திட்டவில்லை. “ஏன் போடற, பசியா?” என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது ஒரு பொட்டலத்தில் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொண்டுவந்து, வாய் நமநமக்கும்போது இதைப் போட்டுக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனார். அத்தை ஒரே நாளில் விட்டுவிடவில்லை, ஆறாம் மாதம் வரைக்கும் ஒளித்துவைத்துப் போட்டதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் விட்டார். என் சொந்த பந்தத்தில் ஒரு பெண் புகையிலையை விட்டதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம் அந்த ஒரு கைப்பிடி பொட்டுக்கடலைதான். காணொளி எடுத்து ஊரைக் கூட்டி யாரும் அவரைத் திருத்தவில்லை.

“அப்படி நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டால்தான் மற்ற பெண்கள் பயப்படுவார்கள்” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பயப்படுவார்கள், உண்மை. பயந்து, பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் பொய் சொல்வார்கள். அதற்குமேல் அந்த வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

“குழந்தை ஆணின் வயிற்றிலா வளர்கிறது?” என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இருபது வருடமாக என் நெஞ்சுக்குள் கிடக்கும் கேள்வி இது.

என் மூத்த மகள் 2004இல் பிறந்தாள், எடை 1 கிலோ 900 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனாலே எடை குறைவு என்று கணக்கு. அப்போது நாங்கள் சேலத்தில் குகை என்னும் பகுதியில் ஒரு தறி வீட்டில் இருந்தோம். முன்னறையில் தறிக்குழி, பின்னறையில் எங்கள் படுக்கை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சன்னல். மாமனாருக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. என் கணவருக்குச் சிகரெட், வேலை முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டே பிடிப்பார். குமட்டல் தாங்காமல் நான் திண்ணையில் போய் உட்கார்ந்தால், வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வரும்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததும் வீட்டில் விசாரணை தொடங்கியது. பப்பாளி சாப்பிட்டாளா? கிரகணத்தன்று வெளியே வந்தாளா? ஐந்தாம் மாதத்தில் ஆத்தூருக்கு யார் பேருந்தில் போகச் சொன்னது? தையல் பிரியாத வலியோடு நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அந்த வார்டுக்கு வந்த டாக்டரம்மா மட்டும்தான் வேறொரு கேள்வி கேட்டார்: “வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள்?” கட்டிலைச் சுற்றி ஏழு பேர் நின்றிருந்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என் கணவர் “வெளியிலதாங்க டாக்டர்” என்றார். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று நான் “இல்லை, கட்டிலில்தான்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்பதற்காக நான் என்மீது படும் கோபம்தான் இப்போது உங்கள்மீதும் சேர்த்துக் கொட்டுகிறது போலும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீடியிலும் சிகரெட்டிலும் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். நிகோட்டின் நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பக்கத்தில் இருப்பவர் பிடித்தாலும், அதே அறையில் மூச்சு விடுகிற கர்ப்பிணியின் குழந்தைக்கு எடை குறையும் வாய்ப்பு கூடும். இது ஒன்றும் ரகசியம் இல்லை. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். பேருந்து நிலையத்துக்கு இருக்கிற பாதுகாப்பு கர்ப்பிணி படுத்திருக்கும் அறைக்கு இல்லை.

என் மகள் எடைக்கு அந்தப் புகைதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்று வாதாடுவீர்கள். சரி, முடியாது. பப்பாளிதான் காரணம் என்று மட்டும் எப்படி ஐயா அடித்துச் சொன்னீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் குடிக்கிறார், பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த நூற்றில் ஒன்றுக்கும் குறைவான கூட்டத்தில், அதிலும் கர்ப்பமாக இருந்த ஒருத்தியைத் தேடிப்பிடித்து, அவள் முகத்தை மறைக்கக்கூடச் செய்யாமல் ஊருக்குக் காட்டியிருக்கிறோம். அமெரிக்காவில் 1989 முதல் மதுப்புட்டியிலேயே கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை அச்சாகிறது. நம் நாட்டில் 2019இல் கட்டாயமான வாசகம் உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. விற்பவருக்குச் சொல்ல வாயில்லை, வாங்கிய பெண்ணைத் திட்ட மட்டும் ஊருக்கே வாய் இருக்கிறது.

“பெண்ணியம் பேசுகிறாய், அவள் உன் மருமகளாக இருந்தால் விடுவாயா?” என்று கொழுந்தனார் குழுவில் கேட்டிருக்கிறார். விடமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து டின்னை வாங்கி வைத்துவிட்டுப் பொட்டுக்கடலை கொடுப்பேன். அவரிடம் நான் திருப்பிக் கேட்க வேண்டியது வேறு. அவருடைய சொந்த மகளுக்கு இப்போது ஏழாம் மாதம், பிரசவத்துக்காக அம்மாபேட்டை வீட்டில்தான் இருக்கிறாள். அவள் அறைச் சன்னலுக்கு நேர் வெளியே இருக்கும் பால்கனியில்தான் அவர் காலையில் காப்பியோடு ஒன்று, இரவில் சாப்பிட்டபின் இரண்டு என்று பிடிக்கிறார். அந்தக் காணொளியை அவர் எங்களுக்கு அனுப்பிய நேரம் இரவு ஒன்பதே முக்கால். அந்நேரத்தில் அவர் எங்கே நின்றிருப்பார் என்பது குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு வளைகாப்பு. பந்தல் போடுகிறவரிடம் நேற்றே பேசிவிட்டேன். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். புகைப்பவர்களுக்குப் பந்தி அங்கேதான். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் அங்கேயே வந்து சேரும். கொழுந்தனார் என்மீது வருத்தப்பட்டுக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறினால், அவரைத் திரும்பச் சேர்க்கும் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.