மார்க்கோ போலோவை ஒரே வரியில் பொய்யர் ஆக்குகிறவர்களுக்கு

அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்று நாளாக ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள், எதுவென்று உங்களுக்கே தெரியும். "மார்க்கோ போலோ சீனாவுக்கே போகவில்லை. அப்புறம் காயலைப் பற்றி எழுதியது மட்டும் எப்படி உண்மையாகும்?" என்று மேடையில் ஒருவர் கேட்கிறார், அரங்கம் கைதட்டுகிறது. காயல் என்பது தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த பழைய பாண்டியத் துறைமுகம். மறுத்து நான்கு வரி எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பதில்: "வெள்ளைக்காரன் எழுதினால் உங்களுக்கு வேதமா?"

வலித்தது. வேதம் என்று நான் எங்கே சொன்னேன்? சொன்னது ஒன்றுதான். மார்க்கோவின் பயண நூலை முழுசாக நம்பவும் கூடாது, முழுசாகத் தூக்கி எறியவும் கூடாது. வரி வரியாகச் சோதிக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? முதலில் அது எப்படி உருவான நூல் என்று தெரிய வேண்டும். 1271இல் வெனிஸை விட்டுக் கிளம்பிய வணிகர் மார்க்கோ திரும்பியது 1295இல். 1298இல் ஜெனோவா சிறையில் அவர் சொல்ல, பிசா நகரத்து ருஸ்டிகெல்லோ எழுதினார். இந்த ருஸ்டிகெல்லோ ஆர்தர் மன்னர் கதைகள் எழுதிப் பழகியவர். "பேரரசர்களே, மன்னர்களே" என்று நூலைத் தொடங்குகிற விளிப்பே அவருடைய பழைய கதைநூலில் இருப்பதுதான். போர்க்காட்சிகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருப்பதற்கும் அந்தக் கைதான் காரணம். அவர் எழுதிய மூலம் இன்று இல்லை. இருப்பவை ஏறக்குறைய 140 கையெழுத்துப் படிகள், ஒன்று போல் ஒன்று இல்லை. பாரிஸில் இருக்கும், பிரெஞ்சும் இத்தாலியமும் கலந்த பிராங்கோ இத்தாலியப் படி மூலத்துக்கு நெருக்கமானது. 1559இல் அச்சான ரமூசியோவின் பதிப்பிலும், 1932இல் ஸ்பெயினின் தொலேதோவில் கிடைத்த லத்தீன் படியிலும் மற்றவற்றில் காணாத பகுதிகள் உண்டு. ஆகவே "மார்க்கோ போலோ சொல்கிறார்" என்று யார் ஆரம்பித்தாலும் முதல் கேள்வி, எந்தப் படியில்? இரண்டாவது, கண்டதாகச் சொல்கிறாரா, கேட்டதாகச் சொல்கிறாரா? மூன்றாவது, அவரை அறியாத வேறொருவர் அதே செய்தியைச் சொல்லியிருக்கிறாரா? மேடையில் இந்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

வந்தது பெருஞ்சுவர். "சீனா போனவர் சுவரைப் பார்க்காமல் இருப்பாரா?" 1995இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரான்சிஸ் வுட், சுவரும் தேநீரும் சீனப் பெண்களின் பாதத்தை இறுக்கிக் கட்டும் வழக்கமும் மார்க்கோவின் நூலில் இல்லை என்பதை வைத்துத்தான் ஒரு நூலே எழுதினார். இன்று படங்களில் பார்க்கிற கற்சுவர் மிங் காலத்தது. மிங் ஆட்சி தொடங்கியதே 1368இல். மார்க்கோ இருந்தபோது அங்கே கிடந்தவை பழைய மண்சுவர்களின் மிச்சம். 1320களில் அங்கே போன ஒடோரிக் பாதிரியாரும் சுவரைச் சொல்லவில்லை, அவர் போனதை யாரும் மறுக்கவில்லை. பாதம் கட்டியதைப் பற்றி மார்க்கோ நேராக எழுதவில்லை என்பது சரி. ஆனால் தொலேதோ படியில், சீனக் கன்னியர் ஒரு காலுக்கு முன் மறுகால் விரலளவுக்கு மேல் போகாதபடி நடப்பார்கள் என்று இருக்கிறது. எந்தப் படி என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

மார்க்கோ பொய் சொன்ன இடமும் உண்டு. சீன நகரமான சியாங்யாங்கை மங்கோலியர் முற்றுகையிட்டபோது கல்லெறி பொறிகளைப் போலோ குடும்பத்தாரே செய்து கொடுத்ததாக நூல் சொல்கிறது. அந்த நகரம் விழுந்தது 1273இல். மார்க்கோ மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவைக்கு வந்து சேர்ந்ததே 1275 வாக்கில். பொறி செய்தவர்கள் மேற்காசியாவிலிருந்து வந்த இஸ்மாயில், அலாவுத்தீன் என்று சீன வரலாறு பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. மூன்றாண்டு யாங்ஜோ நகரத்தை ஆண்டார் என்பதையும் நான் ஏற்பதில்லை. போதுமா? வேதம் என்று நினைப்பவன் இதை எழுதுவானா?

"பாரசீக நூல் எதையாவது பார்த்து எழுதியிருக்கலாமே" என்று அடுத்து வருவார்கள். அப்படியொரு நூலை இதுவரை ஒருவரும் காட்டவில்லை. பாரசீகப் பெயர்கள் மிகுந்திருப்பது உண்மைதான். மங்கோலிய அவையில் அயலார் பேசிக்கொண்ட மொழி அது, வேறென்ன வரும்? இன்னொன்றைக் கேளுங்கள். பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அர்குன் கானுக்கு மணப்பெண்ணாகக் கோகோச்சின் இளவரசியை அழைத்துப்போக வந்த தூதர்கள் மூவரின் பெயரையும் மார்க்கோ தருகிறார். 1941இல் யாங் ஜிஜியு என்ற சீன அறிஞர், மிங் காலத்துப் பெருந்தொகுப்பு ஒன்றில் 1290ஆம் ஆண்டின் அரசாணைக் குறிப்பைக் கண்டுபிடித்தார். அதே மூன்று பெயர்கள், அதே வரிசை. பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் சொல்வது அவர்களில் ஒருவர் பெயரைத்தான். ஆணையில் மார்க்கோவின் பெயர் இல்லை, உண்மை. ஆனால் குப்லாயின் அலுவலகத் தாளில் கிடந்த மூன்று பெயர்கள் ஜெனோவா சிறைக்குள் எப்படி வந்தன? இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கைதட்டு வாங்கட்டும். அந்த ஆணையில் குறித்திருக்கும் வழி எது தெரியுமா? மாபர். நம் பாண்டியர் கரை.

அந்தக் கரையைப் பற்றி அவர் எழுதியதைத்தான் கதை என்கிறார்கள்.

முத்துக்குளிப்பை எடுங்கள். ஏப்ரலிலிருந்து மே பாதி வரை. பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒன்று. இருட்டியதும் அந்த மந்திரக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவில் யாரும் திருட்டுத்தனமாக மூழ்கிச் சிப்பி அள்ளக் கூடாது என்பதற்காக. இதைச் சிறையில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியுமா? அறுநூறு ஆண்டு கழித்து, 19ஆம் நூற்றாண்டிலும் மன்னார்க் கரையில் சுறாவைக் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். கடல்கட்டி என்று பெயர்.

குதிரை வணிகம். அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போடுகிறார்கள் என்கிறார். மார்க்கோவை அறியாத பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் இதே வணிகத்தை எழுதுகிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் வணிகர் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபருக்கு அனுப்ப ஒப்பந்தம், விலை குதிரைக்கு 220 பொன் தீனார். தீனி வேறு மாதிரிச் சொல்கிறார்: வறுத்த பார்லி, வெண்ணெயில் கிண்டிய தானியம், காய்ச்சிய பால். பழகாத தீனியால் குதிரைகள் கெடுகின்றன என்பதில் இருவரும் ஒன்று. சிறு விவரத்தில் வேறுபட்டு அடிப்படையில் ஒத்துப்போகும் இரண்டு சாட்சிகள், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்னும் எத்தனையோ. பாத்திரத்தில் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது, வலக்கையால் மட்டும் உண்பது, வீட்டைச் சாணத்தால் மெழுகுவது, வெற்றிலை மெல்வது. பேரம் நடக்கும்போது சுவரில் பல்லி சொன்னால் நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று வணிகர்கள் பார்ப்பது. கிழமைக்குக் கிழமை மாறும் ஆகாத நேரம், அதற்கு அவர் தரும் சொல் 'சோயாக்'. கால்டுவெல் அதை நம் பஞ்சாங்கத்துத் தியாஜ்யம் என்று அடையாளம் கண்டார். பழைய காயலில் சீன, அரபுப் பானையோடுகள் தரையெங்கும் சிதறிக் கிடந்ததை எழுதியதும் கால்டுவெல்தான். கடன்காரனைச் சுற்றிக் கோடு போட்டால் அவன் தாண்டக் கூடாது என்ற வழக்கம் கட்டுக்கதை போலத் தெரியும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமாவும் அதையே எழுதியிருக்கிறார்.

ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளிப் பகுதியில் கழுகுகள் இறைச்சியோடு வைரத்தைத் தூக்கிவரும் பள்ளத்தாக்கு என்று மார்க்கோ சொல்கிறாரே, அது கதைதான். சிந்துபாத் கதையில் வருவது, அவருக்கு மிக முந்தியது. அங்கே ஆண்ட காகதிய அரசி ருத்ரமாதேவியைக் கணபதிதேவரின் மனைவி என்கிறார், தவறு, மகள். ஐந்து பாண்டியர்களும் உடன்பிறந்தவர்கள் என்பதையும் எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாண்டியர்கள் ஆண்டதைக் கல்வெட்டுகளின் ஆட்சியாண்டுகளே காட்டுகின்றன.

13ஆம் நூற்றாண்டில் நம் கரையில் கால் வைத்து, மன்னன் இடுப்பில் கட்டியதையும் கழுத்தில் போட்டதையும் எழுதியவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம். கல்வெட்டு நிலதானத்தைச் சொல்லும், அண்ணாந்து தண்ணீர் குடித்ததைச் சொல்லாது. அப்படிப்பட்ட ஒரு சாட்சியை ஒரு கைதட்டலுக்காகக் குப்பையில் போடுகிறார்களே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பேச்சாளர் இதைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள். மாபர், காயல் பகுதிகளில் எந்த வாக்கியம் பொய், அது எந்தப் படியில் இருக்கிறது, எதோடு ஒப்பிட்டுப் பொய் என்றீர்கள்? மூன்றையும் இங்கே எழுதுங்கள். சரியாக இருந்தால் என் பதிவைத் திருத்திவிடுகிறேன்.