பிரைமரில் ஓட்டை விழுந்தாலே பவுடரைக் குறை என்பவர்களுக்கு

என் .223 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) ஓட்டையாகிறது என்று வாயைத் திறந்தால் போதும், ரேஞ்சில் இருக்கிற அத்தனை பேரும், பவுடர் கூடி அழுத்தம் ஏறிவிட்டது என்று நினைத்து, "பவுடரைக் குறை" என்கிறார்கள். ஐயா, நான் சுட்டது கடையில் வாங்கிய தோட்டா! பெட்டியைப் பிரித்து அப்படியே போட்டது, இதில் எந்தப் பவுடரை நான் குறைப்பது? அதே பெட்டித் தோட்டா நண்பரின் ரைஃபிளில் ஒரு குறையுமில்லாமல் வெடிக்கிறது.

அழுத்தம் ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்க்க அதே மாதிரி இருக்கும் 5.56 நேட்டோ ராணுவத் தோட்டாவை .223 சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) போட்டால் அழுத்தம் ஏறும். பிரைமர் கிண்ணத்தின் தடிமனும் முக்கியம். சிசிஐ நிறுவனத்தின் 400 பிரைமரில் சுமார் 0.020 இன்ச், 450-இல் சுமார் 0.025, அழுத்தம் அதிகமான தோட்டாவுக்கு முதலாவதைப் போட்டால் கிழியத்தான் செய்யும். சரி, அதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, அப்புறம் ரைஃபிளைப் பார்க்க வேண்டாமா?

எனக்கு வயிறு எரிவது கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) செய்த வேலையால்தான். இங்கே டெக்சாஸில் நல்ல பெயர் எடுத்தவர் என்று நம்பிக் கொடுத்தேன். பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னில் பழையதைக் கழற்றினார், புதியதைப் போட்டார், காசை வாங்கினார், அவ்வளவுதான். பின்னின் முனை ஏன் குழி குழியாக அரித்துப் போனது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தில் பின் வெளியே வரும் துளையைப் பார்த்திருப்பார். அந்தத் துளை பின்னைவிடப் பெரிதாக இருந்தால், வெடிக்கும்போது பிரைமரின் உலோகம் அந்த இடைவெளிக்குள் பிதுங்கி, வட்டமாக வெட்டுப்பட்டுத் தெறிக்கிறது. அந்த ஓட்டை வழியே பீய்ச்சி வரும் கொதிக்கிற வாயு பின்னின் முனையை அரிக்கிறது, அரித்த முனையின் கூர் விளிம்பு அடுத்த பிரைமரையும் துளைக்கிறது. துளையை விட்டுவிட்டுப் பின்னை மட்டும் மாற்றினால் புதுப் பின்னுக்கும் அதே கதிதான். என்னுடையது அப்படித்தான் ஆனது!

இது வெறும் செலவு விஷயமில்லை. வெட்டுப்பட்ட அந்தச் சின்ன வட்டத் துண்டு போல்ட்டுக்குள் போய்ச் சிக்கினால் பின் சரியாக அடிக்காது. அதைவிட மோசம், முனை வெளியே நீட்டியபடியே மாட்டிக்கொண்டால் போல்ட்டை மூடும்போதே தோட்டா வெடிக்கலாம். வாயு பின்பக்கம் வந்தால் முகத்துக்கு நேராக வரும், கண்ணாடி போடாதவன் கண் என்ன ஆகும்?

லென்ஸ் வைத்து முனை அரைக்கோளமாக வழவழவென்று இருக்கிறதா என்று பாருங்கள், போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து பாருங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், துளைக்கும் பின்னுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகுமா? துளை பெரிதென்றால் புஷ் (சின்ன உலோகச் செருகல்) போட்டு அடைத்து, பின்னையும் 0.062 இன்ச் அளவுக்குக் கடைந்து தரும் ஆட்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். என் போல்ட்டை அவர்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். அளந்துகூடப் பார்க்காமல் பின்னை மாற்றியவரிடம் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கத்தான் போகிறேன்.