அவரைக் காரிலிருந்து கொஞ்சம் இறங்க விடுங்கள்

அந்த மகளிர் தினப் போஸ்டரைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரிக்குள் பதினோரு பேர் எனக்கே அதை அனுப்பிவிட்டார்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டியின் படம். கீழே, "நைஜீரியாவில் முதன்முதலில் கார் ஓட்டிய பெண். இசைக் கலைஞர் ஃபேலா குட்டியின் தாய்." அவ்வளவுதான். 77 வருடம் வாழ்ந்த மனுஷியை ஒரு ஸ்டீயரிங்கோடும் ஒரு பிள்ளையோடும் முடித்துவிட்டார்கள்.

போஸ்டர் போட்ட தம்பியிடம் பொறுமையாகத்தான் பேசினேன். "ரெண்டு வரியில எல்லாத்தையும் சொல்ல முடியுமாக்கா?" என்று கேட்டார். ஒரு வரியிலேயே சொல்லலாம் தம்பி: பெண்களிடம் வரி பிடுங்கிய ராஜாவை ஊரை விட்டே போக வைத்தவர்.

அவருடைய ஊர் தென்மேற்கு நைஜீரியாவின் அபெயோகுட்டா. அங்கே 1918-லிருந்து பெண்களுக்குத் தனி வரி. புருஷன் கட்டுவது வேறு, பெண்டாட்டி கட்டுவது வேறு. பெண்பிள்ளைக்கு 15 வயது ஆனாலே வரி, ஆண்பிள்ளைக்கு அதற்கும் பிறகுதான். வயதைத் தெரிந்துகொள்ள வசூலுக்கு வந்தவர்கள் பிள்ளைகளின் துணியை அவிழ்த்துப் பார்த்தார்கள் என்பது அந்தப் பெண்களின் புகார். வரி தண்டியது பிரிட்டிஷாரின் தயவில் ஊரை ஆண்ட மன்னர் இரண்டாம் அடெமோலா. அந்த ஊர் மன்னருக்கு அலாக்கே என்று பட்டம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சந்தைப் பெண்களின் அரிசியையும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

உடனே ஒருவர் வருவார். "அவங்க இங்கிலாந்துல படிச்ச மேட்டுக்குடிதானே, அவங்களுக்கு ஏழைகளைப் பத்தி என்ன தெரியும்?" ஆமாம், தெரியாமல்தான் இருந்தார். 1922-ல் படித்துவிட்டு ஊர் திரும்பியவர், 1932-ல் தொடங்கியது படித்த பெண்களின் கிளப். தையல், சமையல், அப்புறம் விருந்து உபசாரம். பல வருடம் கழித்து, எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சந்தையில் வியாபாரம் பார்க்கும் ஒரு பெண் வந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். எழுத்து கற்க வந்தவர்கள் சொல்லித்தான் அரிசிக் கதை இவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு கவுனைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களைப் போலவே அந்த ஊர் யொருபா மக்களின் துணியைச் சுற்றிக்கொண்டார். பொதுவில் யொருபா மொழியில்தான் பேசினார், வெள்ளைக்கார அதிகாரிக்குப் புரியவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளரை அவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். 1946-ல் கிளப் அபெயோகுட்டா பெண்கள் சங்கம் ஆனது. சந்தா கட்டிய உறுப்பினர்கள் மட்டும் சுமார் 20,000 பேர். கற்றுக்கொண்டு மாறிய ஒருவரை, முன்பு எப்படி இருந்தார் என்பதை வைத்தே எத்தனை நாள் அடிப்பீர்கள்?

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பவர்களுக்கு. என் அம்மா வாரச்சந்தையில் கீரை விற்றவர். குத்தகைக்காரரின் ஆள் வந்து சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, போகிற போக்கில் இரண்டு கட்டு முளைக்கீரையையும் எடுத்துக்கொள்வான். அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார். தண்ணீர் தெளிக்கிற சாக்கில் குனிந்துகொள்வார். அந்தக் குனிந்த முகத்தை அருகில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சந்தைப் பெண்களிடம் பறிப்பதை ஒருத்தி நின்று கேட்டாள் என்று படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? 1947 நவம்பர் கடைசியில் பத்தாயிரம் பெண்கள் அரண்மனை முன்னால் உட்கார்ந்து, ராத்திரியெல்லாம் ராஜாவைத் திட்டிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தால் "பிக்னிக் போகிறோம்" என்று கிளம்பினார்கள். அடுத்த வருடம் பெண்கள் வரி நிறுத்தப்பட்டது. 1949 ஜனவரியில் அலாக்கே பதவியை விட்டு வெளியேறினார். 1950-லேயே திரும்பி வந்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒருவர் வருவார்.

"தேர்தல்ல ஜெயிக்காதவங்க என்ன அரசியல்வாதி?" இதைக் கேட்டவர் என் நட்பு வட்டத்தில் இருப்பவர், அதுதான் வலிக்கிறது. நைஜீரிய விடுதலைக்காக நின்ற NCNC என்ற கட்சியில் இருந்தார். 1947-ல் லண்டன் போன அந்தக் கட்சியின் தூதுக்குழுவில் ஒரே பெண் இவர். 1951-ல் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். வரி கட்டியவர்களுக்குத்தான் ஓட்டு என்று விதி இருந்தது. எந்தப் பெண்களுக்காக வரியை ஒழித்தாரோ, அவர்களில் பலர் அதனாலேயே அவருக்கு ஓட்டுப் போட முடியவில்லை. 1957-ல் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துத் தர மறுத்தார்கள். 1959-ல் உழைத்த கட்சியே சீட்டு தரவில்லை. சுயேச்சையாக நின்றார், கட்சியை விட்டு நீக்கினார்கள். வடக்கு நைஜீரியப் பெண்களுக்கு ஓட்டுரிமையே 1976-ல்தான் வந்தது. இதில் தோற்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

"ஃபேலாவின் தாய்" என்பது பெருமைதானே என்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான், அதை யார் சொல்கிறீர்கள்? 1977 பிப்ரவரி 18 அன்று, ராணுவ ஆட்சியைத் திட்டிப் பாடிய மகன் ஃபேலாவின் வீட்டுக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் புகுந்தார்கள். 76 வயதுக் கிழவியை மாடி ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அதிலிருந்து அவர் எழவேயில்லை. 1978 ஏப்ரல் 13 அன்று போய்விட்டார்.

அவர் கார் ஓட்டவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஓட்டினார், நல்லது. ஆனால் மே மாதம் அபெயோகுட்டாவில் அவரை அடக்கம் செய்த அன்று, ஊரில் சந்தைப் பெண்கள் கடையை அடைத்தது காருக்காக இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு சந்தை நாள் நாங்கள் கடை போடவில்லை. மறுநாள் அந்தக் கீரை முழுவதையும் மாட்டுக்குத்தான் போட்டோம்.